இச்சையடக்கமும் இறைநம்பிக்கையும்: தீய பழக்கத்திலிருந்து விடுபடுதல் குறித்த கிறித்தவச் சிந்தனை

முன்னுரை

தீய பழக்கம் ஒன்றின் கேட்டினை அறியாத காரணத்தால் அதிலேயே நிலைத்திருப்போர் மிகச் சிலர். புகைப்பவர் புகையின் தீங்கினை அறிவார். குடிப்பவர் தம் இல்லத்தின் நிலையை நாள்தோறும் காண்கிறார். நள்ளிரவு கடந்தும் கைப்பேசியை விடாத மாணவர் மறுநாள் வகுப்பில் தமக்கு நேரப்போவதை முன்கூட்டியே அறிவார். அறிந்தும் விடமுடியாமையே பழக்கத்தின் இயல்பாகும். ஆயினும், நம் நன்னெறிப் பாடங்களும் மேடைப்பேச்சுகளும் பெரும்பாலும் தீங்கினை எடுத்துரைப்பதோடு நின்றுவிடுகின்றன. அறிவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எவ்வாறு கடப்பது என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

இவ்வினாவைக் கிறித்தவ மரபு தொடக்கக் காலத்திலேயே எழுப்பிக்கொண்டது. தன் முயற்சியால் மனிதன் தன்னை ஆளமுடியுமா, அன்றி அவ்வாற்றல் இறைவனிடமிருந்து பெறப்படுவதா என்பது அம்மரபினுள் நெடுங்காலம் வாதிக்கப்பட்ட பொருளாகும். இக்கட்டுரை, புனித அகுஸ்தீன் கி.பி. 397 முதல் 400 வரையிலான காலத்தில் எழுதிய ‘ஒப்புதல்கள்’ என்னும் நூலில் காணப்படும் மூவரின் பழக்கங்களையும், எகிப்தியப் பாலைவனத் துறவியரின் பயிற்சி முறையையும் எடுத்துக்கொண்டு, பழக்கத்தை விடுவதில் தன்னடக்கம் ஆற்றும் பணி யாது, நம்பிக்கை ஆற்றும் பணி யாது என்பதை விளக்க முற்படுகிறது. சமயப் பரப்புரை நம் நோக்கமன்று. பழக்கம் பற்றிய கூர்மையான உளநூலாகவும் விளங்கும் ஒரு மரபினைத் தமிழாசிரியர்க்கு அறிமுகம் செய்வதே நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

புதிய ஏற்பாட்டில் இக்கருத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘என்கிராத்தெயா’ என்பதாகும். ஆற்றல், ஆட்சி எனப் பொருள்படும் ‘கிராத்தோஸ்’ என்பதன் அடியாகப் பிறந்த இச்சொல், தன்மீது தான் கொள்ளும் ஆட்சியைக் குறிக்கும். கிறித்தவத்திற்கு முன்பே இது கிரேக்க மெய்யியலில் வழங்கியது. அரிஸ்டாட்டில் தம் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் ஏழாம் பகுதியில், தீய இச்சை எழுந்தும் அதனை வென்று நிற்பவனையும், அத்தகைய இச்சையே எழாத நிலையை எய்தியவனையும் வேறுபடுத்துகிறார். என்கிராத்தெயா முன்னவனுக்கு உரியது. போராட்டம் இன்னும் முடியாதவனின் பண்பு அது என்பதை நாம் மனத்திற்கொள்ளல் வேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்புகள் இச்சொல்லைக் கையாண்ட விதம் நோக்கத்தக்கது. கலாத்தியருக்குப் பவுல் எழுதிய மடலின் ஐந்தாம் இயலில், தூய ஆவியின் கனிகள் ஒன்பது வரிசைப்படுத்தப்படுகின்றன. அவற்றுள் இறுதியில் நிற்பது இதுவே. சீர்திருத்தத் திருச்சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு இதனை ‘இச்சையடக்கம்’ என்கிறது. 1995ஆம் ஆண்டு வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘தன்னடக்கம்’ என்கிறது. முன்னதில் அடக்கப்படுவது இச்சை. பின்னதில் அடங்குவது தான். ‘தன்னடக்கம்’ என்னும் சொல் இன்றைய வழக்கில் பெருமை பேசாத பணிவையே பெரிதும் குறிப்பதால், படிப்போர் சிலர் பொருளை வேறாகக் கொள்ளவும் இடமுண்டு. நம் பள்ளிகளில் வழங்கும் ‘சுயக்கட்டுப்பாடு’ என்பதோ புறத்தே இடப்படும் வேலி போன்ற ஓர் உணர்வைத் தருகிறது. திருக்குறளின் 13ஆம் அதிகாரமாகிய அடக்கமுடைமைக்கு உரைவகுத்த பரிமேலழகர், மெய், மொழி, மனம் ஆகிய மூன்றும் தீநெறியில் செல்லாமல் அடங்குதல் என விரித்துரைப்பது, கிரேக்கச் சொல்லின் பரப்பிற்கு மிக அண்மையில் நிற்கிறது எனலாம்.

பவுல் இச்சொல்லை இரு வேறு உருவகங்களோடு இணைக்கிறார் என்பது இக்கட்டுரைக்கு இன்றியமையாத செய்தி. கலாத்தியர் மடலில் அது கனி. கனி தானே பழுப்பது, மரத்தினின்று வருவது, கிளை முயன்று செய்வதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் ஒன்பதாம் இயலிலோ, பந்தயத்தில் ஓடுவோர் மேற்கொள்ளும் கடும் பயிற்சிக்கு அதே சொல்லின் வினைவடிவம் பயன்படுத்தப்படுகிறது. ஓரிடத்தில் பெறப்படும் கொடை. மற்றோரிடத்தில் மேற்கொள்ளப்படும் பயிற்சி. பின்வந்த சிந்தனையாளரின் வாதமெல்லாம் இவ்விரு உருவகங்களுக்கும் இடையே எழுந்தது என்று கூறின் மிகையாகாது.

சிறுகச் சிறுக வளரும் பழக்கம்: மோனிக்கா

அகுஸ்தீன் கி.பி. 354இல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள தகாஸ்தே நகரில் பிறந்தவர். அவருடைய அன்னையார் மோனிக்கா திருச்சபையால் புனிதராகப் போற்றப்படுபவர். அத்தகைய அன்னையும் இளமையில் ஒரு தீய பழக்கத்திற்கு ஆட்பட்டிருந்தார் என்பதை மகனே தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் பதிவு செய்கிறார்.

மோனிக்காவின் இல்லத்தில் முதிய பணிப்பெண் ஒருத்தி பிள்ளைகளைக் கண்டிப்புடன் வளர்த்து வந்தாள். உணவு வேளை தவிர மற்ற வேளைகளில் நீர் பருகவும் அவள் இசைவதில்லை. இன்று கண்ட நேரத்தில் நீரைப் பருகப் பழகியவர்கள், நாளை திருமணமாகித் திராட்சை மதுவறையின் பொறுப்பை ஏற்கும்போது நீரை விடுத்து மதுவை நாடுவார்கள் என்பது அவள் கருத்து. பருகும் பொருள் மாறினும் பருகும் பழக்கம் மாறாது என்னும் நுட்பம் இதில் அடங்கியுள்ளது. இத்தனைக் கண்டிப்புக்கு இடையிலும், பெற்றோர் மதுவெடுத்துவர அனுப்பும்போது மோனிக்கா உதட்டளவில் சிறிது சுவைத்துப் பார்த்தார். மதுவின்மீது கொண்ட வேட்கையால் அன்று. இளமைக் குறும்பினால் என்கிறார் அகுஸ்தீன். நாள்தோறும் அச்சிறிதளவோடு மற்றொரு சிறிதளவு சேர்ந்தது. காலப்போக்கில் ஏறத்தாழ நிறைகோப்பையையே பருகும் நிலை வந்தது.

ஒருநாள், உடன் செல்லும் இளம் பணிப்பெண் பூசலின்போது மோனிக்காவைக் ‘குடிகாரி’ என்னும் பொருள்பட இழித்துரைத்தாள். அச்சொல் தைத்தது. தம் நிலையின் இழிவை உணர்ந்த மோனிக்கா அப்பழக்கத்தை அக்கணமே கைவிட்டார். இங்கு அகுஸ்தீன் வலியுறுத்துவது யாதெனில், அப்பணிப்பெண் திருத்த எண்ணிப் பேசவில்லை, புண்படுத்தவே பேசினாள். எனினும் அச்சினமே மருந்தாயிற்று. ஆதலின், தம் சொல்லால் ஒருவர் திருந்தினார் என்று எவரும் பெருமை கொள்ளற்க என்பது அவர் கருத்து. அறிவுரை கூறும் ஆசிரியர்க்கு இது சிந்திக்கத்தக்கது.

மோனிக்காவின் பழக்கம் இளையது. வேட்கையில் வேர் கொள்ளாதது. ஆகவே ஒரு சொல்லால் அறுபட்டது. எல்லாப் பழக்கமும் அவ்வாறு அறுபடுவதில்லை என்பதை அடுத்த இருவரின் வரலாறு காட்டும்.

தன்னை மிகையாக நம்பியவர்: அலிப்பியுஸ்

அகுஸ்தீனின் மாணவரும் நண்பருமாகிய அலிப்பியுஸ், கார்த்தேஜ் நகரில் தேரோட்டப் பந்தயக் காட்சிகளில் மூழ்கிக் கிடந்தார். ஒருநாள் அகுஸ்தீன் பாடம் நடத்தும்போது, பொருளை விளக்குவதற்காக அப்பந்தயத்தை உவமையாக்கி, அதற்கு அடிமையானோரை எள்ளி நகையாடினார். அலிப்பியுஸை எண்ணி அவர் அவ்வாறு கூறவில்லை. ஆனால் அலிப்பியுஸ் அது தமக்கே உரியது எனக் கொண்டார். ஆசிரியரைச் சினவாமல் தம்மையே சினந்து, அப்பழக்கத்தை விட்டொழித்தார்.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நன்னெறிப் பாடநூலுக்கு ஏற்றதாக இருந்திருக்கும். ஆனால் அகுஸ்தீன் தொடர்கிறார். சட்டம் பயில உரோமை சென்ற அலிப்பியுஸை, நண்பர் சிலர் வற்புறுத்தி வாட்போர் அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். உடலைத்தான் நீங்கள் கொண்டுசெல்ல முடியும், என் மனத்தையும் கண்களையும் அன்று என்னும் உறுதியோடு அவர் சென்றார். அரங்கில் கண்களை இறுக மூடியே அமர்ந்திருந்தார். வீரன் ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பெருமுழக்கம் செவி வழியே நுழைந்தது. காண்பதனால் கேடில்லை, கண்டும் வெறுப்போம் என்று எண்ணிக் கண்களைத் திறந்தார். குருதியைக் கண்ட அவர் முகம் திருப்பவில்லை. அன்று முதல் தாம் செல்வதோடு அமையாது, பிறரையும் அழைத்துச் செல்பவரானார்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இரண்டு உண்மைகளைப் பெறலாம். முதலாவது, சூழல் மனவுறுதியைவிட வலிது. அலிப்பியுஸ் வென்றிருக்க வேண்டிய இடம் அரங்கின் இருக்கையன்று. அரங்கிற்குச் செல்லும் வழி. இரண்டாவது, முன்னர்ப் பெற்ற வெற்றியே அவருக்குப் பகையாயிற்று. ஒரு பழக்கத்தை விட்டவர் தம் வலிமையின்மீது கொள்ளும் மிகை நம்பிக்கை, அடுத்த வீழ்ச்சிக்கு வாயிலாகிறது. இறைவன்மீது வைக்கவேண்டிய நம்பிக்கையைத் தம்மீதே வைத்தமையால் அவர் வீழ்ந்தார் என்பது அகுஸ்தீனின் விளக்கம். சமய நம்பிக்கை இல்லாதவரும் இவ்விளக்கத்தின் உளவியற் பகுதியை மறுப்பது அரிது.

பிளவுண்ட விருப்பம்: அகுஸ்தீன்

மூன்றாவது வரலாறு அகுஸ்தீனுடையது. இளமை முதல் காமப் பழக்கம் அவரைப் பிணித்திருந்தது. இளைஞராக இருந்தபோது, தமக்குக் கற்பொழுக்கம் அருளுமாறும், ஆனால் அது உடனே வேண்டாவென்றும் இறைவனிடம் வேண்டியதை அவர் ஒளிவின்றிக் கூறுகிறார். பழக்கம் உருவாகும் முறையை எட்டாம் பகுதியில் ஒரு சங்கிலியாக அவர் காட்டுகிறார். பிறழ்ந்த விருப்பத்திலிருந்து இச்சை பிறக்கிறது. இச்சைக்குப் பணிவிடை செய்யச் செய்யப் பழக்கம் உண்டாகிறது. பழக்கத்தை எதிர்க்காது விட்டவிடத்து அது தவிர்க்கவியலாத கட்டாயமாக மாறுகிறது. அச்சங்கிலியின் முதற்கண்ணி வேறொருவர் இட்டதன்று, தம் விருப்பமே. ஆயினும் இறுதிக்கண்ணியை அவ்விருப்பத்தால் அறுக்கமுடியவில்லை.

இங்கு அவர் எழுப்பும் வினா சிந்தனை வரலாற்றில் தனியிடம் பெறுவது. மனம் கையை அசையுமாறு பணித்தால் கை உடனே அசைகிறது. அதே மனம் தன்னைத்தானே விரும்புமாறு பணிக்கும்போது ஏன் பணிய மறுக்கிறது? மனம் முழுமையாகப் பணிக்கவில்லை என்பதே அவர் காணும் விடை. ஒரு பகுதி விடவேண்டும் என்கிறது; மற்றொரு பகுதி விடாதே என்கிறது. இரண்டும் தாமே. உறக்கத்திலிருந்து எழவேண்டும் என்று அறிந்தும் இன்னும் சிறிது நேரம் எனப் புரண்டு படுப்பவனுக்கு அவர் தம்மை ஒப்பிடுகிறார்.

கி.பி. 386இல் மிலான் நகரில் திருப்பம் நேர்ந்தது. பொந்தித்தியானுஸ் என்பவர் வந்து, எகிப்தியத் துறவி அந்தோனியாரைப் பற்றியும், அவர் வரலாற்றைப் படித்து அரசுப்பணியைத் துறந்த இருவரைப் பற்றியும் கூறினார். கல்லாதாரும் வென்ற இடத்தில் கற்ற நாம் தோற்று நிற்கின்றோமே என்னும் நாணம் அகுஸ்தீனை வாட்டியது. தோட்டத்தில் அவர் தவித்திருந்தபோது, தன்னடக்கம் ஒரு மாதின் உருவில் அகக்கண்முன் தோன்றியதாக எழுதுகிறார். அவளைச் சூழ இளையோரும் முதியோரும் ஆண்களும் பெண்களும் நின்றனர். இவர்களால் இயன்றது உன்னால் இயலாதா என்றும், இவர்களுக்கும் அது தம்மாலன்றி இறைவனாலேயே இயன்றது என்றும் அவள் உணர்த்தினாள். பின்னர்ப் பிள்ளைக் குரல் ஒன்று கேட்டு அவர் நூலை எடுத்துப் பிரித்ததும், உரோமையருக்கு எழுதப்பட்ட மடலின் பதின்மூன்றாம் இயற்பகுதி கண்ணிற்பட்டதும் பலரும் அறிந்தவை.

இதில் நாம் நோக்கவேண்டுவது, நம்பிக்கை அவருக்கு எவ்வடிவில் வந்தது என்பதாகும். அது தனிமனித உள்ளத்தில் திடீரெனப் பாய்ந்த ஒளியாக மட்டும் வரவில்லை. விட்டவர்களின் வரலாற்றைக் கேட்டல், விட்டவர்களின் கூட்டத்தைக் காணல், அருகிலிருந்த நண்பர் அலிப்பியுஸின் துணை ஆகியன முன்சென்றன. மறு ஆண்டு 387இல் இருவரும் ஒன்றாகவே திருமுழுக்குப் பெற்றனர்.

திரும்பிய பின்னரும் தொடரும் போராட்டம்

மனமாற்றத்தோடு பழக்கம் முற்றும் அழிந்துவிடும் என்னும் எண்ணத்தை ‘ஒப்புதல்கள்’ நூலின் பத்தாம் பகுதி தகர்க்கிறது. அப்போது அகுஸ்தீன் இப்போ நகரின் ஆயர். மிலான் நிகழ்ச்சி முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. எனினும் பழைய பழக்கத்தின் உருவங்கள் கனவில் வருகின்றன என்கிறார். உணவை மருந்துபோல் உட்கொள்ள முயல்வதாகவும், பசி நீங்குவதற்கும் மனம் நிறைவதற்கும் இடையில் கண்ணி ஒன்று விரிக்கப்பட்டிருப்பதாகவும், குடி தம்மை அணுகாவிடினும் மிகையுணவு சிற்சில வேளைகளில் தம்மை மேற்கொள்வதாகவும் எழுதுகிறார். பந்தய அரங்கிற்கு இப்போது செல்வதில்லை. ஆனால் வீட்டில் பல்லி ஈயைப் பிடிப்பதைக் கண்டால் மனம் அதில் சென்று ஒட்டிக்கொள்கிறது என்கிறார். கைப்பேசித் திரையில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குத் தாவும் இன்றைய மனத்தின் நிலையும் இதுவேயன்றோ? இலத்தீனில் அவர் ஆளும் ‘கோந்தினென்சியா’ என்னும் சொல் சேர்த்துப் பிடித்தலைக் குறிப்பது. சிதறிய மனத்தை ஒன்றாகத் திரட்டுதலே தன்னடக்கம் என்று அவர் பொருள் விரிக்கிறார்.

இப்பகுதியில்தான், இறைவன் எதைக் கட்டளையிடுகிறாரோ அதை நிறைவேற்றும் ஆற்றலையும் அவரே தரவேண்டும் என்னும் கருத்தமைந்த வேண்டுதல் இடம்பெறுகிறது. உரோமையில் இதனைக் கேட்ட பெலாஜியுஸ் என்னும் துறவி பொறுக்கமாட்டாது மறுத்தார். எல்லாம் இறைவன் தருவது எனில் மனிதர் முயற்சியை விட்டுச் சோம்புவர். ஆற்றாததை இறைவன் கட்டளையிடார் என்பது அவர் வாதம். கி.பி. 418இல் கார்த்தேஜ் சங்கம் பெலாஜியுஸின் கொள்கையைக் கண்டித்தது. ஆயினும், அவர் எழுப்பிய அச்சம் பொருளற்றதன்று. இறைவன் பார்த்துக்கொள்வார் என்று கூறிக்கொண்டே பழக்கத்தில் நீடிப்போரை நாமும் காண்கிறோம். மறுபுறம், எல்லாம் உன் கையில் என்று மட்டும் கூறப்பட்டவன், பத்தாம் முறை தோற்றபின் தன்னையே வெறுத்து மேலும் ஆழத்தில் வீழ்வதையும் காண்கிறோம். இவ்விரு விளிம்புகளுக்கும் இடையில் வழிகாண்பதே நடைமுறைச் சிக்கல்.

பாலைவனத் துறவியரின் பயிற்சி முறை

இச்சிக்கலுக்கு நடைமுறை விடை கண்டோர் நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த துறவியராவர். அவர்தம் முறைகளைத் தொகுத்தவருள் எவாகிரியுஸ், யோவான் காசியான் ஆகிய இருவரும் குறிப்பிடத்தக்கவர்.

கி.பி. 399இல் மறைந்த எவாகிரியுஸ், மனிதனை வருத்தும் தீய எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி முதலாகச் செருக்கு ஈறாக அமையும் அப்பட்டியலே, பின்னாளில் தலையான பாவங்கள் ஏழு என்னும் வகைப்பாட்டிற்கு மூலமாயிற்று. அவர் இயற்றிய மற்றொரு நூல், ஒவ்வோர் எண்ணம் எழும்போதும் அதற்கு மறுமொழியாகக் கூறத்தக்க மறைநூல் தொடர்களை ஏறத்தாழ 500 என்னும் எண்ணிக்கையில் தொகுத்துத் தருகிறது. சோதனை வந்தபின் விடை தேடுதல் கூடாது. விடையை முன்னரே ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும் என்பது இதன் அடிப்படை.

பின்னர் மார்சேய் நகரில் மடங்களை நிறுவிய காசியான், தம் ‘உரையாடல்கள்’ நூலின் இரண்டாம் பகுதியில் செராபியோன் என்னும் துறவியின் இளமை நிகழ்ச்சியைத் தருகிறார். சிறுவராக இருந்தபோது செராபியோன், பிற்பகல் மூன்று மணியளவில் மூத்த துறவியோடு உணவு உண்டபின், நாள்தோறும் உலர்ரொட்டி ஒன்றை மடியில் மறைத்துக்கொண்டு மாலையில் ஒளிந்து உண்டு வந்தார். உண்ணும் இன்பத்தைவிட உண்டபின் வருத்தும் உறுத்தலே பெரிதாயிருந்தது. இருந்தும் விடமுடியவில்லை. ஒருநாள் விருந்தினர் சிலர் வந்திருந்தபோது, மூத்த துறவி பெருந்தீனி பற்றியும் மறைக்கப்படும் எண்ணங்களின் கொடுமை பற்றியும் உரையாடினார். தம்மைப் பற்றியே பேசுவதாகக் கருதிய சிறுவர் கதறியழுது, மடியிலிருந்த ரொட்டியை அனைவர் முன்னும் வெளியே எடுத்துப் போட்டு உண்மையைக் கூறினார். மூத்த துறவி தண்டிக்கவில்லை. நீ வாய்திறந்து கூறியதே உன்னை விடுவித்தது என்று தேற்றினார். அதன்பின் அவ்விருப்பமே தமக்கு எழவில்லை என்று செராபியோன் பிற்காலத்தில் சொல்லி வந்தார்.

மறைவு பழக்கத்தின் உணவு என்பது இந்நிகழ்ச்சியின் சாரம். வெளிப்படுத்துதலுக்கு இரண்டு தேவை: கூறத் துணிபவர் ஒருவர், கேட்டபின் இழித்துரைக்காதவர் ஒருவர். இரண்டாமவர் இல்லாத இடத்தில் முதலாமவர் உருவாவதில்லை.

இக்கால ஆய்வுகளோடு ஒப்புநோக்கல்

மேற்கூறிய மரபின் கருத்துகள் சிலவற்றை இக்கால உளவியல் வேறு வழியில் சென்று தொட்டுள்ளது. இலண்டனில் பிலிப்பா லாலி என்பாரும் பிறரும் நிகழ்த்தி 2010இல் அச்சில் வெளியிட்ட ஆய்வில், புதிய செயலொன்று தானாக நிகழும் பழக்கமாக மாறுவதற்குச் சராசரியாக 66 நாள்கள் தேவைப்பட்டன. ஆளுக்கு ஆள் அது 18 நாள்கள் முதல் 254 நாள்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதும் பாதிக்கவில்லை. 21 நாள்களில் எப்பழக்கமும் மாறும் என்னும் மேடைக் கூற்றுக்கு இவ்வாய்வு இடந்தரவில்லை.

சிக்கல் நேரும் வேளையில் இன்னது செய்வேன் என முன்கூட்டியே வகுத்துக்கொள்வோர், பொதுவாக உறுதி பூண்பவரைவிட மிகுதியாக வெற்றி பெறுகின்றனர் என்பதைப் பீட்டர் கோல்விட்சர் 1999இல் விளக்கினார். இது எவாகிரியுஸின் மறுமொழி முறைக்கு மிக அண்மையது. மனவுறுதி என்பது பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகும் ஆற்றல் என்று 1998இல் ராய் பாமைஸ்டர் குழுவினர் முன்வைத்த கொள்கை பெரும்புகழ் பெற்றது. ஆயின் 2016இல் 23 ஆய்வுக்கூடங்கள் ஒருங்கே சோதித்தபோது அவ்விளைவு ஏறத்தாழக் காணப்படவில்லை. ஆகவே மனவுறுதியைப் பற்றி எளிய முடிவுகள் கூறுவதில் எச்சரிக்கை தேவை.

நம்பிக்கையின் பங்கினை நேரிற் காட்டுவது மதுவடிமை மீட்சி இயக்கமாகிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ ஆகும். 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், பில் வில்சன், மருத்துவர் பாப் சுமித் என்னும் குடிக்கு அடிமையாகியிருந்த இருவரின் சந்திப்பில் அது தோன்றியது. குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த வில்சன், மீண்டும் குடிக்கும் வேட்கை எழுந்தபோது, தம்மைப்போல் துன்புறும் ஒருவரோடு பேசத் தேடியதன் விளைவே அச்சந்திப்பு. ஆக்ஸ்பர்டு குழு என்னும் கிறித்தவ இயக்கத்தின் வழக்கங்களிலிருந்து இது வளர்ந்தது. 1939இல் வெளியான இதன் பன்னிரு படிகளுள் முதலாவது, மதுவின்முன் தம் ஆற்றலின்மையை ஏற்றல். தம்மினும் மேலான ஆற்றலிடம் ஒப்படைத்தல், குற்றங்களை மற்றொருவரிடம் வெளிப்படுத்தல், தீங்கு செய்யப்பட்டோர்க்கு ஈடு செய்தல், பிறர்க்கு உதவுதல் ஆகியன பின்வரும் படிகளுள் அடங்கும். அலிப்பியுஸ் கற்ற பாடமும் செராபியோன் கண்ட விடுதலையும் இப்படிகளில் மறுவடிவம் பெறுவதைக் காணலாம். 2020இல் காக்ரேன் நிறுவனம் 27 ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டபோது, இவ்வழியில் முறையாக ஆற்றுப்படுத்தப்பட்டோர், தொடர்ந்து குடியாதிருத்தலில் பிற மருத்துவமுறை பெற்றோரைவிட மேம்பட்ட பயன் பெற்றமை தெரியவந்தது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது வலிப்பும் மனக்குழப்பமும் ஏற்பட்டு உயிருக்கே கேடு நேரலாம். அத்தகையோரை வேண்டுதலோடு மட்டும் விட்டுவிடுதல் தகாது. மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்தச் செய்தல் வேண்டும். மருத்துவத்தை நாடுதல் நம்பிக்கைக் குறைவு அன்று.

நம் சூழலுக்கு ஒரு குறிப்பு

மலேசியத் தமிழர் வரலாற்றில் தோட்டப்புறக் கள்ளுக்கடைகள் விளைத்த கேட்டினை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1941ஆம் ஆண்டுக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தக் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்றாக இருந்தது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்தில் இயங்கிய தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. இவை சமயஞ்சார்ந்த முயற்சிகள் அல்ல. ஆயினும், அலிப்பியுஸின் வரலாறு உணர்த்தும் உண்மையை அத்தொழிலாளர் தம் பட்டறிவால் கண்டிருந்தனர். கூலி பெறும் நாளன்று வழியிலேயே கடை திறந்திருக்கும்போது, தனியொருவனின் மனவுறுதியை மட்டும் பழித்துரைத்தல் நேர்மையாகாது. தன்னடக்கம் தனியொருவனின் பண்பாயினும், அது வளர்வதற்குரிய நிலத்தைச் சமுதாயமே பண்படுத்த வேண்டியுள்ளது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரமாகவும் சூது 94ஆம் அதிகாரமாகவும் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அவற்றைக் கற்பிக்கும்போது தீங்கினை விளக்குவதோடு அமையாது, விட விரும்பியும் விடமுடியாதவனின் நிலையையும் மாணவர்முன் வைத்தல் பயன் தரும். அகுஸ்தீன் காட்டும் மூவரையும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம். வகுப்பில் தந்தையின் குடியால் துன்புறும் பிள்ளையும் அமர்ந்திருக்கக்கூடும். குடிப்பவர் இழிந்தவர் என்னும் பாடத்தைவிட, பழக்கம் ஒரு சங்கிலி, அதனை அறுத்தோர் உளர், அதற்குத் துணை தேவை என்னும் பாடமே அப்பிள்ளைக்கு உதவும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், கிறித்தவ மரபு தன்னடக்கத்தையும் நம்பிக்கையையும் ஒன்றற்கொன்று மாற்றாகக் கொள்ளவில்லை என்பது புலனாகும். சோதனைக்குரிய இடத்தை விலக்குதல், சிறியதைச் சிறியது என்று புறக்கணியாமை, மறுமொழியை முன்னரே ஆயத்தம் செய்தல், மறைத்ததை வெளிப்படுத்தல் ஆகியன மனிதன் மேற்கொள்ளவேண்டிய பயிற்சிகள். நம்பிக்கையோ, தன் வலிமையைப் பற்றிய செருக்கினின்றும் தன் தோல்வியைப் பற்றிய அவநம்பிக்கையினின்றும் அவனை ஒருசேரக் காக்கிறது. வீழ்ந்தவன் எழுவதற்கு இடமுண்டு. எழுந்தவன் தன்னைப் புகழ்ந்துகொள்ள இடமில்லை. பவுல் ஒரே சொல்லைக் கனியாகவும் ஓட்டப் பயிற்சியாகவும் கூறியதன் பொருத்தம் இதுவேயாகும். கனி பழுப்பது மரத்தின் இயல்பு. ஆயின் நிலத்தை உழுதலும் களையெடுத்தலும் உழவனின் கடமையன்றோ?

சமய வேறுபாடின்றி ஆசிரியர் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றும் இதிலிருந்து பெறப்படுகிறது. செராபியோனின் மூத்த துறவியைப்போல், கேட்டபின் இழித்துரைக்காத ஒருவராக நாம் இருத்தல் வேண்டும். மறைத்து வைத்ததை வெளியே எடுத்துவைக்கும் துணிவு மாணவருக்கு வருவதும் வராமற்போவதும் பெரும்பாலும் நம் முகக்குறிப்பைப் பொறுத்தே அமைகிறது.